கொரோனா போச்சு... படபடப்பு போகலையே!

வாசகர் கேள்விகள் – இதய மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து தரும் பதில்கள்

பெருந்தொற்றுக் காலத்து மனப் பாரம் இதயத்தை என்ன செய்தது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதத்துக்குக் கடிதம் திரும்பத் திரும்ப வந்த வரி: "எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஆனாலும் நெஞ்சு சரியில்லை."

பதில்களுக்கு முன் ஒரு சொல் விவகாரம். 'மனஅழுத்தம்' என்ற ஒரே சொல்லை நம் பத்திரிகைகள் இரண்டு வேலைக்கு வைத்திருக்கின்றன. கடன், பயம், வேலை போனது ஆகியவை தரும் நெருக்கடிக்கும் அதுதான்; வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடக்கும் நோய்க்கும் அதுதான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் இங்கே முதலாவதை மனநெருக்கடி என்றும், இரண்டாவதை மனச்சோர்வு என்றும் எழுதியிருக்கிறோம்.

2021 மே மாதம் அப்பா கொரோனாவில் தவறிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு (அப்போது வயது 63) நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். ஈசிஜி பார்த்து மாரடைப்பு என்றார்கள். ஆஞ்சியோ செய்தால் அடைப்பே இல்லை. எக்கோவில் இதயம் 35 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 60 சதவீதம். வந்தது மாரடைப்பா, இல்லையா? மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'டகோட்சுபோ', 'ஸ்ட்ரெஸ் கார்டியோமயோபதி', 'ஏபிக்கல் பலூனிங்' என்ற மூன்றில் ஒன்று அதில் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் ஒரே நோயின் பெயர்கள்.

டகோட்சுபோ என்பது ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை. கழுத்து குறுகலாக, அடி உருண்டையாக இருக்கும். இந்த நோயில் இதயத்தின் இடது கீழறை நுனிப்பக்கம் சுருங்காமல் உப்பி நிற்கும். மேல்பக்கம் மட்டும் சுருங்கும். எக்கோ படத்தில் அச்சு அசலாக அந்தப் பானைதான். 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள்.

நடப்பது இதுதான். பேரதிர்ச்சியில் அட்ரினலினும் அதன் உறவுக்கார ஹார்மோன்களும் ரத்தத்தில் வெள்ளம்போல் பாய்கின்றன. இதயத்தின் நுனிப்பகுதி அவற்றுக்கு அதிகம் வசப்படுவதாகக் கருதப்படுகிறது. அந்த இடத்துத் தசை மரத்துப்போகிறது. மாரடைப்பில் குழாய் அடைத்துத் தசை செத்துப்போகும். இதில் தசை சாவதில்லை, மயங்குகிறது. அதனால்தான் 35 மறுபடி 60 ஆனது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் சுருங்கும் திறன் திரும்பிவிடும். பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிலக்கு நின்றவர்கள். சராசரி வயது அறுபதுகளின் நடுவில். உங்கள் அம்மா அந்த வட்டத்துக்குள் சரியாக வருகிறார்.

பெருந்தொற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2020 மார்ச், ஏப்ரலில் மாரடைப்பு அறிகுறியோடு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் 7.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. தொற்றுக்கு முந்தைய காலங்களில் அதே ஆஸ்பத்திரிகளில் அது 1.5 முதல் 1.8 சதவீதம்தான். முக்கியமான விஷயம், அவர்கள் யாருக்கும் கொரோனா தொற்று இல்லை. கிருமி உடம்புக்குள் நுழையாமலேயே, காலத்தின் நெருக்கடியே இதயத்தை உப்ப வைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஆனால் அதிர்ச்சியில் வரும் எல்லா நெஞ்சுவலியும் டகோட்சுபோ அல்ல. அசல் மாரடைப்பும் வரும். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு என்று 2012-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முதல் வாரம் முழுக்கவே அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. 21 மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். இதய அபாயம் குறைந்தவர்களில் சுமார் 1,400 பேருக்கு ஒருவர், அபாயம் மிகுந்தவர்களில் 320 பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார் என்பதே அதன் நிஜ அளவு. ஆகவே துக்க வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்தால் "அழுது அழுது வந்தது, தண்ணி குடு" என்று உட்காரவைக்காதீர்கள். இரண்டு நோயையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை பழுதானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பரிசோதனை, பெரும்பாலும் ஆஞ்சியோ வரை போனால்தான் தெரியும். துக்க வீடுகளில் வழக்கமாக நடக்கும் இன்னொரு தப்பு, அந்த மூன்று நாள் குழப்பத்தில் பிரஷர், சுகர், இதய மாத்திரைகள் விட்டுப்போவது. அதைக் கவனித்துக் கொடுக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

மாத்திரை: இதயம் தேறிவிட்டது என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. பிரஷருக்கும் இதயத் தசைக்கும் சேர்த்துக் கொடுக்கும் 'ஏசிஇ' வகை மாத்திரை இந்த நோயாளிகளுக்கு ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக, நோயாளிகளின் பெரிய பதிவேடு ஒன்றில் தெரிந்தது. துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையில் அந்தப் பலன் தெரியவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை எக்கோவோடு போய் இதய மருத்துவரிடம் கேளுங்கள். பீட்டா பிளாக்கரை விடுவதென்றாலும் படிப்படியாகத்தான் விட வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் நாடித்துடிப்பும் பிரஷரும் எகிறும். மறுபடி வருமா என்றால், வரலாம். ஆண்டுக்கு நூற்றில் இரண்டு பேருக்குள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாத காலம் அது. உடலைக் கட்டிக் கொடுத்தார்கள், கூட்டம் கூடவில்லை, கருமாதிக்கு ஊர் வரவில்லை. துக்கம் வெளியே கொட்டும் வாசல் எல்லாம் அடைபட்டிருந்தது. அம்மா இன்னமும் தினமும் அப்பா வருவார் என்ற நினைப்பிலேயே இருக்கிறாரா, அந்தப் பேச்சையே தவிர்க்கிறாரா, தனக்கும் வாழ்க்கை முடிந்துவிட்டது என்கிறாரா? ஆறு மாதம் கடந்தும் இது அன்றாடத்தை முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை 'நீடித்த துக்கம்' என்று தனியாகவே வகைப்படுத்துகிறது. இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை மட்டும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. விடுபட்ட சடங்கை இப்போது செய்வதும் வீண் வேலையல்ல. அடுத்த திதியைச் சொந்தபந்தம் கூட்டி, படம் வைத்து, அப்பாவைப் பற்றி எல்லோரும் பேசும்படி நடத்துங்கள்.

வயது 34. 2020 லாக்டவுனில் கம்பெனி மூடியதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்து எழுப்பிவிடுகிறது. கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. மூன்று தடவை எமர்ஜென்சிக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்ல, பயம்தான்" என்கிறார்கள். ஒண்ணுமில்லாமலா இப்படி அடிக்கும்?
– வாசகர், திருப்பூர்

"ஒண்ணுமில்ல" என்பது தப்பான பதில். "இதயத்தில் அடைப்பு இல்லை, உங்களுக்கு இருப்பது பேனிக் அட்டாக், அதற்கு வைத்தியம் உண்டு" என்று சொல்லியிருந்தால் நீங்கள் இரண்டாவது முறை ஓடியிருக்கவே மாட்டீர்கள்.

உடம்பில் நடப்பது நிஜம். மூளையின் அபாய மணி தப்பாக அடிக்கிறது; அட்ரினலின் சுரக்கிறது; நாடி 120, 130 என்று ஏறுகிறது. கூடவே உங்களுக்குத் தெரியாமலேயே மேல்மூச்சு வாங்குகிறீர்கள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் விரலும் உதடும் மரத்துப்போகும், தலை சுற்றும். அந்த மரமரப்பைப் பார்த்து 'மாரடைப்புதான்' என்று முடிவு கட்டுகிறீர்கள், பயம் கூடுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. வட்டம் இப்படித்தான் சுற்றுகிறது.

பேனிக் அட்டாக் திடீரென ஏறி, பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு, அரை மணிக்குள் வடியும். மாரடைப்பு வலி அப்படி வடியாது. நடந்தால், மாடியேறினால் கூடும். கனமாக, பாறாங்கல் வைத்த மாதிரி அழுத்தும். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும். சட்டை நனைய வேர்க்கும். விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட முடிகிற, அழுத்தினால் கூடுகிற குத்தல் பெரும்பாலும் தசை வலி. இந்த வித்தியாசம் எல்லாம் ஏற்கெனவே முழுப் பரிசோதனை முடிந்த உங்களைப் போன்றவர்களுக்கு. முதல் தடவை நெஞ்சுவலி வருகிறவர், சுகர் உள்ளவர், ஐம்பது தாண்டிய பெண்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. அவர்களில் சிலருக்கு மாரடைப்பே வலியில்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவும் நெஞ்சுக் கரிப்பாகவும் வரும். முதல் ஈசிஜி நார்மல் என்பதும் போதாது. ட்ரோபோனின் ஏறச் சில மணி நேரம் ஆகும். சில மணி நேர இடைவெளியில் ஈசிஜியும் ட்ரோபோனினும் இன்னொரு முறை பார்ப்பது அதற்காகத்தான்.

உங்கள் பட்டியலில் விடுபட்டவை: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச், 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி. குறட்டை விடுவீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் இரண்டு மணிக்கு இப்படித்தான் எழுப்பும். மாலை நாலு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் இரண்டும் படபடப்பைக் கூட்டும். எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படபடப்பு வரும்போது செய்ய வேண்டியது: எழுந்து உட்காருங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் சூட்சுமம். அப்போதுதான் இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பு வேலை செய்யும். ஆழமாக இழுக்க முயல்வது எல்லோரும் செய்கிற தப்பு. ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்குகிறவர் இன்னும் ஆழமாக இழுத்தால் மரமரப்பு கூடத்தான் செய்யும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய யோசனையும் வேண்டாம். நிஜமாகவே இதயமோ நுரையீரலோ பழுதாக இருந்தால் ஆக்சிஜன் இறங்கி ஆபத்தாகும். இந்தப் பயிற்சியைப் பகலில், நன்றாக இருக்கும்போது, தினம் இரண்டு வேளை செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முதல் முறையாக முயன்றால் வராது.

செய்யக் கூடாதது: நாடி பிடித்துப் பார்ப்பது. லாக்டவுனில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னமும் தலையணைக்கு அடியில் இருக்கிறதா? அதைத் தூக்கி உள்ளே வையுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தப்பான எண் காட்டும்; அந்த எண் உங்களை மறுபடி எமர்ஜென்சிக்கு விரட்டும். ஸ்மார்ட் வாட்சும் அதே ரகம். ஒவ்வொரு முறை பார்த்து நிம்மதி அடையும்போதும், "பார்த்ததால்தான் பிழைத்தோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வந்தாலோ, வந்துவிடுமோ என்று வெளியே போகவே தயங்கினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். சிந்தனை-நடத்தை சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பு சற்றுக் கூடலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் அல்பிராசோலம் வாங்கிப் போடுவது வேண்டாம். அரை மணியில் அடங்கும் என்பது உண்மை. சில வாரங்களிலேயே அதில்லாமல் தூங்க முடியாமல் போகும் என்பதும் உண்மை. போனில் பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கை வாசகர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926.

மன நெருக்கடியால் மாரடைப்பு வரும் என்பது விஞ்ஞானமா, பத்திரிகைக்காரர் கட்டுவதா? லாக்டவுனில் ஆஸ்பத்திரிக்கு வந்த மாரடைப்புகள் குறைந்தன என்றல்லவா செய்தி வந்தது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

நல்ல கேள்வி, ஐயா. குறைந்தது மாரடைப்பு அல்ல, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். 2020 லாக்டவுனில் இந்தியாவில் மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் குறைந்ததாக நாடு தழுவிய கணக்கெடுப்பு காட்டியது. பஸ் இல்லை, போனால் தொற்றிவிடும் என்ற பயம், வலியை வாயு என்று தள்ளியது – இவைதான் பெரும்பாலான காரணம். இத்தாலி, அமெரிக்காவிலும் இதே கதை. வீட்டிலேயே பொறுத்துக்கொண்டவர்களில் பலர் சில மாதம் கழித்துப் பலவீனமான இதயத்தோடு வந்தார்கள்.

விஞ்ஞானம் பழையதுதான். 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு இந்தியா, இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்தது. வீட்டிலும் வேலையிலும் ஓயாத நெருக்கடியில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். எந்த வழியாக என்பதற்கு 2017-ல் ஒரு விடை கிடைத்தது. 293 பேரின் மூளையை ஸ்கேன் செய்து சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதி யாருக்கு அதிகம் கொதித்ததோ, அவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் மும்முரமாக வேலை செய்தது, ரத்தக்குழாய்ச் சுவரிலும் அழற்சி கூடியது. பின்னால் இதய நோயும் அவர்களுக்கே அதிகம். இது உடம்புக்குள் ஓடும் வழி. வெளி வழி நமக்கே தெரியும்: தூக்கம் கெட்டது, நடை நின்றது, பீடியும் மதுவும் கூடின, மாத்திரை வாங்கப் போகவில்லை. நம் ஊரில் இந்த இரண்டாவது வழிதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்று எங்களில் இதய மருத்துவர் சொல்கிறார். மனநல மருத்துவர் அதை முழுதாக ஒப்பவில்லை.

தினமும் இளவயதுச் சாவுச் செய்தி. என் மகனுக்கு 22 வயது, ஜிம்முக்குப் போகிறான். தடுப்பூசி போட்டதால்தான் இப்படி என்கிறார்கள். பயத்தில் எனக்குத் தூக்கமில்லை.
– தாய், மதுரை

தடுப்பூசியைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நேரடியாகவே ஆராய்ந்திருக்கிறது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வட்டாரத்தின் 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023-ல் வெளியிட்டார்கள். தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு அபாயம் குறைவாகவே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு, போதைப்பொருள், இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு கடந்த குடி அல்லது கடும் உடற்பயிற்சி.

மகனிடம் கேட்க வேண்டியதும் இவைதான். உங்கள் இருவர் குடும்பத்திலும் ஐம்பது வயதுக்கு முன் திடீரென இறந்தவர் உண்டா? உடற்பயிற்சியின்போது அவனுக்கு மயக்கம் வந்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிட்டுத்தான் ஜிம். காய்ச்சல் உள்ள நாளிலும் தேறிய சில நாட்களிலும் பளு தூக்கக் கூடாது; கிருமி இதயத் தசையில் அழற்சி உண்டாக்கியிருந்தால் அந்த நேரத்துக் கடும் உழைப்பு துடிப்பைத் தாறுமாறாக்கும். உங்கள் தூக்கத்துக்கு: வாட்ஸ்அப் குரூப்பில் வரும் சாவு வீடியோக்களை ராத்திரி பார்க்காமலிருப்பதே பாதி மருந்து.

கொரோனா வந்து ஒரு வருடம் ஆகிறது. எழுந்து நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண் இருட்டுகிறது. படுத்தால் சரியாகிவிடும். மாமியார் முதல் டாக்டர் வரை எல்லோரும் "மனசுதான்" என்கிறார்கள். வயது 27.
– வாசகி, கோவை

உங்கள் விஷயத்தில் மனசின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். நின்றால் வருகிறது, படுத்தால் போகிறது என்பது பேனிக் அட்டாக்கின் குணமல்ல. கொரோனாவுக்குப் பின் சிலருக்குத் தன்னியக்க நரம்புகள் பிசகி, நிற்கும்போது நாடி தாறுமாறாக ஏறும். 'பாட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் காபிக்கு முன், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மல்லாந்து படுத்து, நாடியும் பிரஷரும் எழுதுங்கள். பிறகு எழுந்து, சுவரில் சாயாமல், நடக்காமல் நில்லுங்கள். 1, 3, 5, 7, 10-வது நிமிடங்களில் மறுபடி எழுதுங்கள். மயக்கம் வந்தால் உடனே உட்கார வேண்டும். பிரஷர் பெரிதாக இறங்காமல் நாடி மட்டும் 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் போங்கள். பிரஷரே 20-க்கு மேல் இறங்கினால் அது வேறு நோய். ரத்தசோகையும் தைராய்டும் இதே வேஷம் போடும். நம் பெண்களிடம் முதலில் தேட வேண்டியது ரத்தசோகைதான்.

பாட்ஸ் என்று உறுதியானால் தினம் இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர், டாக்டர் சொல்லும் அளவுக்குக் கூடுதல் உப்பு, இடுப்புவரை வரும் இறுக்கமான காலுறை. உடற்பயிற்சியை நின்று செய்யாமல் படுத்தும் உட்கார்ந்தும் தொடங்க வேண்டும். பிரஷர், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த உப்பு யோசனையைப் பின்பற்றக் கூடாது.

கணவருக்கு (58) ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். பேச்சே இல்லை. பேரனைக்கூடத் தூக்குவதில்லை. மாத்திரையைச் சில நாள் வேண்டுமென்றே விடுகிறார். "பிழைச்சு என்ன பண்ணப்போறேன்" என்கிறார். மனநல மாத்திரை கொடுத்தால் இதயத்துக்கு ஆகாதாமே?
– வாசகி, சேலம்

முதலில் மாத்திரை, அம்மா. புது ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வகை மாத்திரைகளை விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து பெரிய மாரடைப்பே வரலாம். இன்றிலிருந்து நீங்களே கையில் கொடுத்து, விழுங்குவதைப் பாருங்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முழு அளவிலான மனச்சோர்வு வருகிறது. கவனிக்காமல் விட்டால் மறுபடி மாரடைப்புக்கும் மரணத்துக்கும் அது வழிவிடும் என்பதால், அமெரிக்க இதயச் சங்கம் 2014-லேயே அதை அபாயக் காரணியாகச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' 0, 'சில நாள்' 1, 'பாதி நாளுக்கு மேல்' 2, 'கிட்டத்தட்ட தினமும்' 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் "பிழைச்சு என்ன பண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டவருக்கு மதிப்பெண் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தப்பு. கேட்டால்தான் அவர் வாய் திறப்பார். 'ஆம்' என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைப் பெட்டியையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே ஆஸ்பத்திரி.

இதயத்துக்கு ஆகாத மனநல மாத்திரை சில உண்டு. பழைய ட்ரைசைக்ளிக் வகையை (அமிட்ரிப்டிலின் போன்றவை) மாரடைப்பு வந்தவர்களுக்குத் தவிர்ப்பார்கள். எஸ்சிடாலோபிராம், சிடாலோபிராம் அதிக அளவில் ஈசிஜியில் 'க்யூடி' இடைவெளியை நீட்டும்; அது மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். செர்ட்ராலின் பாதுகாப்பானது என்று மாரடைப்பு நோயாளிகள் உள்ளிட்ட 369 பேரிடம் நடந்த சோதனை 2002-ல் காட்டியது. செர்ட்ராலினோடு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் சற்றுக் கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே சொல்லுங்கள். இரண்டு டாக்டரிடமும் இரண்டு சீட்டையும் காட்ட வேண்டும். இது நம் ஊரில் நடப்பதே இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மனச்சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் கூடுமா என்று, மாரடைப்பு வந்த 2,481 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பேச்சு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் வந்த முடிவு: மனம் தேறியது, சாவோ மறு மாரடைப்போ குறையவில்லை. அதனால் இதயத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர் பேரனைத் தூக்குவதற்காகக் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் 156, வீட்டில் 128. எதை நம்புவது?
– வாசகர், வேலூர்

சரியாகப் பார்த்திருந்தால் வீட்டுக் கணக்கை. அளப்பதற்கு அரை மணி முன்பு காபி, புகை கூடாது; சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை இதய உயரத்தில், மேசைமேல். பட்டை சட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. குண்டான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாக ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்தக்கொதிப்பு உண்டு. அதற்குக் கீழ் என்றால் வெள்ளைக் கோட்டுப் பயம். மாத்திரை இப்போதைக்கு வேண்டியிராது, ஆனால் வருடம் ஒரு முறை இதே ஏழு நாள் கணக்கு தேவை. மனம் கொந்தளிக்கும்போது ஓடிப்போய் அளக்காதீர்கள். அப்போது யாருக்கும் ஏறத்தான் செய்யும்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைக்கலாமா? பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று ஒரு மெசேஜ் சுற்றுகிறதே?
– வாசகர், தூத்துக்குடி

இருமல் வைத்தியம் வீண். அதைச் செய்துகொண்டிருக்கும் நேரம்தான் நஷ்டம்.

சார்பிட்ரேட் ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை. 5 மி.கி., ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும், அதுவும் உட்கார்ந்துகொண்டு. மேல் பிரஷர் 90-க்குக் கீழ் இருந்தாலோ, ஆண்மைக் குறைவு மாத்திரை சில்டனாஃபில் 24 மணி நேரத்துக்குள், டடாலஃபில் 48 மணி நேரத்துக்குள் போட்டிருந்தாலோ அது ஆளைச் சாய்த்துவிடும். வெட்கப்பட்டு அதை மறைக்கிறவர்கள் உண்டு, மறைக்காதீர்கள்.

ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றுப்புண் ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மி.கி. ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கலாம்; 150 மி.கி. என்றால் இரண்டு. மெல்லாமல் விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம், நடக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வழியில் வேறு யாராவது கொடுத்திருந்தால் எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். பழைய ஈசிஜி வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.